செம்மண் போட்டு மூடினால் போதுமா, அண்ணாச்சி?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்:

"அண்ணாச்சிக்கு வணக்கம். மருதூர் அணைக்கும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கும் நடுவில், தாமிரபரணிக் கரையில் எங்களுக்கு 2 ஏக்கர் 40 சென்ட் நிலம் இருக்கிறது. மேல்புறம் வாய்க்கால், கீழ்புறம் ஆறு. 1986-ல் எங்கள் பெரியப்பா அதை ஒரு சாயப்பட்டறைக்குக் குத்தகைக்கு விட்டார். 2005-ல் பட்டறைக்காரர்கள் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, பாய்லர், எண்ணெய் டேங்க், மூன்று கழிவுக் குழிகள், காய்ந்த சேறு கட்டிய முந்நூறு மூட்டை எல்லாம் அப்படியே கிடக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொட்டகைக்குள் கழுத்தளவு தண்ணீர் நின்றது. மூட்டைகளில் பாதி கிழிந்துவிட்டது. பெரியப்பா போன வருஷம் தவறிவிட்டார். இப்போது பங்காளிகள் மூன்று பேரும் நிலத்தைப் பிரிக்க வேண்டும். செங்கல் சூளைக்காரர் ஒருவர் சேற்றை இலவசமாக அள்ளிக்கொண்டு போகிறேன் என்கிறார். புரோக்கர், இரண்டடி செம்மண் அடித்து மூடிவிட்டால் பிளாட் போடலாம் என்கிறார். பக்கத்து வாழைத்தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் லேசாக மஞ்சளாக இருக்கிறது, வாழை இலை ஓரம் கருகுகிறது. அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவர், ஆரஞ்சு நிறத்தில் கல்லு கல்லாக ஒரு மருந்து போடுவோம், கையில் பட்டால் புண்ணாகும் என்று சொன்னார். மூடினால் போதுமா? பயப்படும்படி ஏதும் உண்டா?"

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி கடைசிக்கு முந்தினது. அந்த ஆரஞ்சுக் கல். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கறுப்பும் காக்கியும் போடுகிற பழைய பட்டறைகளில் கந்தகச் சாயம் ஓடும். அழுகின முட்டை வாடை அடிக்கும், கேட்டுப் பாருங்கள், பெரியவர் ஆமாம் என்பார். அந்தச் சாயம் துணியில் நின்று பிடிக்க, கடைசியில் பைகுரோமேட் கரைசலில் முக்கி எடுப்பார்கள். பொட்டாசியம் பைகுரோமேட் ஆரஞ்சு நிறத்தில் கற்கண்டு மாதிரி இருக்கும். தோலில் ஆறாத புண் வரவைக்கும். அதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு ஓடுகிற ஜாதி அது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. தண்ணீரில் கரைந்தால் மஞ்சள். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு மஞ்சளாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரும்புச் சத்து இருந்தாலும் தண்ணீர் மஞ்சளாகும், அதனால் இதுதான் அது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்லமாட்டேன். ஆனால் குடிதண்ணீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கண்ணுக்கு மஞ்சள் தெரிவதற்கு வெகு முன்பே அந்த அளவைத் தாண்டியிருக்கும்.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போய், அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொதிக்க வைத்தால் போய்விடுமா என்று கேட்பார். போகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் குரோமியம் கூடத்தான் செய்யும். சொன்னால் நஷ்ட ஈடு கேட்பாரே என்று உங்கள் பங்காளிகளில் யாராவது தயங்கலாம். கேட்கட்டும். தெரிந்த பிறகு சொல்லாமல் இருந்தீர்கள் என்று நாளைக்கு ஆவதைவிட அது எவ்வளவோ மேல்.

வாழை இலை ஓரம் கருகுவதற்குக் குரோமியம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் உப்பு. சாம்பல் சத்துக் குறைந்தாலும் இலை ஓரம் காயும்தான், ஆனால் சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் முதலில் உப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்றும்போது தொட்டியில் உப்பை அள்ளி அள்ளிக் கொட்டுவார்கள். நம் பக்கம் தூத்துக்குடி உப்பளம் கூப்பிடு தூரம், உப்புக்குப் பஞ்சமா? சாயத்தைத் துணிக்குள் தள்ளுவதோடு உப்பின் வேலை முடிந்தது. துணியில் ஒரு பொட்டுகூடத் தங்காது, போட்டது அத்தனையும் கழிவுத் தண்ணீரில் வெளியே வரும். நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாசனத்துக்குக் கட்டியது, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. வாழை உப்புத் தாங்காத பயிர். குரோமியம் தன் வேலையைக் காட்டுவதற்கு முன்னால் உப்பு வாழையை முடித்துவிடும்.

உப்பை நீங்களே பார்க்கலாம். கிணற்றுத் தண்ணீர் ஒரு லிட்டர் எடுத்து, இனி சமையலுக்கு வேண்டாத ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வெளியில் அடுப்பு வைத்துச் சிறுதீயில் வற்ற விடுங்கள். ஆற்றுத் தண்ணீரிலும் ஒரு லிட்டர் அதேபோல. ஆற்றுத் தண்ணீர் பாத்திரத்தில் அடியில் ஒரு மங்கலான வெள்ளைப் படலம் தெரியும். கிணற்றுத் தண்ணீர் மோசமென்றால் ஓரமெல்லாம் பூத்து, சுரண்டினால் கரண்டியில் வரும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் குடிக்க ஏற்றது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்பது கணக்கு. நாலாயிரம் இருந்தால் பாத்திரத்தில் நாலு கிராம், ஏறக்குறைய ஒரு சின்னக் கரண்டி நிற்கும். குரோமியத்தை இப்படிப் பார்க்க முடியாது. அந்தப் படிவை நக்கியும் பார்க்காதீர்கள், சுரண்டியதைத் தோட்டத்திலும் கொட்டாதீர்கள்.

சரி, செங்கல் சூளைக்கு வருவோம். வேண்டவே வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த வாரமே டிராக்டர் வந்து நிற்கும்.

மூட்டையில் இருக்கும் சேறு, கழிவுத் தண்ணீரில் சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டுத் தெளிய வைத்து எடுத்த சேறாகத்தான் இருக்க வேண்டும். சாயப்பட்டறைகளில் அதுதான் வழக்கம். அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற பச்சை உப்பு, அந்த ஓடுகிற குரோமியத்தை மூன்று இணைதிறன் உள்ள குரோமியமாக மாற்றிச் சேற்றோடு உட்கார வைத்துவிடும். இந்த மூன்றாம் ஜாதி அவ்வளவாகக் கரையாது, அவ்வளவாக நகராது. ஆக, மூட்டைக்குள் இருப்பது இப்போது தூங்குகிற குரோமியம். அதைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூளையில் காற்றுப்பட வேகவைத்தால் என்ன ஆகும்? குரோமேட் தயாரிக்கும் ஆலையில் செய்வதே இதுதான். குரோமியத் தாதுவைச் சோடா, சுண்ணாம்பு போன்ற காரப் பொருளோடு கலந்து காற்றுப்பட வறுத்தால் மஞ்சள் குரோமேட் பிறக்கும். ராணிப்பேட்டையில் அப்படி ஒரு ஆலை ஓடி, தொண்ணூறுகளில் மூடி, இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கழிவை மலைபோல் விட்டுவிட்டுப் போனது. மழை பெய்தால் அந்தப் பக்கம் மஞ்சள் தண்ணீர் ஓடுவதைப் படம் பிடித்துப் போடாத பத்திரிகை இல்லை. உங்கள் சூளைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார், மண் செலவு மிச்சம் என்று. ஆனால் தூங்குவதை எழுப்பி, செங்கல்லாக்கி, நாலு ஊர் வீட்டுச் சுவரில் வைப்பதாகிவிடும். சிமெண்ட் ஆலைச் சூளையில் இப்படிப்பட்ட கழிவை எரிக்க அனுமதி பெற்ற இடங்கள் உண்டு. அங்கே சூடு 1,450 டிகிரி, அளவு, கலவை எல்லாம் கணக்கு வைத்துச் செய்வார்கள். அதுவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதித் தாளோடுதான்.

மூட்டைக்கு நீங்கள் செய்யக்கூடியது, கிழிந்ததைப் புதுச் சாக்கில் போட்டு, கொட்டகைக்குள் மேடான பக்கமாக, செங்கல் அடுக்கி அதன் மேல் தார்பாய் விரித்து ஏற்றி வைப்பது. வேலைக்கு வருகிறவர்களுக்கு ரப்பர் கையுறை, மூக்குக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். தூசி பறக்காமல் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். கொட்டகைக் கூரைத் தகட்டைச் சுத்தியலால் உடைக்க வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. நட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். அப்புறம் அந்த எண்ணெய் டேங்க். பழைய இரும்புக்காரர் யாராவது கேஸ் கட்டருடன் வந்தால் உள்ளே விடாதீர்கள். காலி டேங்க் என்று நினைத்து வெட்டி வெடித்துச் செத்தவர்கள் உண்டு.

இப்போது புரோக்கரின் செம்மண். மேலே மூடுவது எப்போதும் தப்பு என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் களிமண் போட்டு, வாட்டம் கொடுத்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் மூடுவதே சரியான வைத்தியம். ஆனால் உங்கள் இடம் வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவில். பிசான நெல் போகத்தில் வாய்க்கால் நிறைய ஓடும்போது, வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது, ஊற்று மேலே ஏறும். அந்தக் குழிகளின் அடிப்பாகம் அப்போது ஊற்றுத் தண்ணீருக்குள் நிற்கிறது என்றுதான் நினைக்கிறேன். மேலிருந்து மட்டும் நனைந்தால் மூடலாம். உங்கள் குழி கீழிருந்தும் நனைகிறது. வாய்க்காலில் கசிகிற தண்ணீர் குழி வழியாகப் போய், அதில் இருப்பதைக் கரைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்கும். இரண்டடி இல்லை, இருபதடி செம்மண் அடித்தாலும் இது நிற்காது. பிளாட் வாங்குகிறவர் போர் போடுவார், போர் அதை உறிஞ்சும். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் இப்போது செய்துகொண்டிருப்பது அதைத்தான் என்று என் சந்தேகம். ஆகவே உங்கள் நிலத்திலும் இப்போதைக்கு போர் போட வேண்டாம்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சந்தேகமாக விட வேண்டியதில்லை. ஒரு நாள் வேலை. உங்கள் நிலத்தைச் சுற்றி மூன்று கிணறு இருக்கிறதா பாருங்கள், ஒரே நேர்கோட்டில் இல்லாமல் முக்கோணமாக அமைந்தால் நல்லது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற ட்யூபை வாங்கி, மூன்று கிணற்றுக் கைப்பிடிச் சுவருக்கும் மட்டம் பிடியுங்கள், எது எதைவிட எத்தனை அங்குலம் உயரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கயிற்றில் ஒரு கல் கட்டி, சுவரிலிருந்து தண்ணீர் வரை ஆழம் அளக்க வேண்டும். மூன்றும் ஒரே காலையில், யாரும் மோட்டார் போடுவதற்கு முன்னால். ஆற்றுத் தண்ணீர் மட்டத்தையும் அதே ட்யூபில் பிடித்துவிடுங்கள். தாளில் மூன்று புள்ளி வைத்து, எந்தக் கிணற்றில் தண்ணீர் மட்டம் உயரம், எதில் தாழ்வு என்று குறித்தால் ஓட்டத்தின் திசை தானாகத் தெரியும். கார் நெல் நடவுக்கு முன் வாய்க்கால் வறண்டிருக்கும்போது ஒருமுறை, பிசானத்தில் ஒருமுறை அளக்க வேண்டும். இரண்டு தடவையும் ஒரே திசை வரும் என்று நினைக்காதீர்கள். ஆறு பெருகி ஓடும்போது கரைக்குள் திரும்பிப் பாயும்.

மண் எடுப்பதை நீங்களே செய்ய வேண்டாம், ஆனால் எடுக்க வருகிறவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் உங்கள் நிலத்தில் ஒரு சாண் மணலையாவது போர்த்திவிட்டுப் போயிருக்கும். மேலோட்டமாக ஒரு கரண்டி அள்ளிக்கொண்டு போனால் சோதனைச் சாலை, தாமிரபரணி மணல் அருமை என்று சான்றிதழ் கொடுக்கும். ஆகர் என்கிற கைத்துளைக் கருவியை இறக்க வேண்டும். நான் பார்த்த இப்படி ஒரு கரையில், முதல் சாண் வெள்ளை மணல் வந்தது. அடுத்தது பழுப்புக் கரம்பை. மூன்றாவது அடியில் ஆகர் பல்லில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ரேகை ஒட்டிக்கொண்டு வந்தது, விரலால் தொட்டால் நகத்தில் ஏறி இரண்டு நாள் போகவில்லை. அதற்குக் கீழே கறுத்த களி, அந்த முட்டை வாடை. பிறகு ஆற்று மணல், தண்ணீர். அந்த மணலில்தான் விஷயமே இருந்தது, ஏனென்றால் அதன் வழியாகத்தான் எல்லாம் நடமாடுகிறது. ஆகவே ஒவ்வொரு துளையிலும் மேல், நடு, ஊற்று மட்டம் என்று தனித்தனியாக மாதிரி கேளுங்கள். குரோமியத்தை மொத்தமாக ஒன்று, ஆறு இணைதிறன் தனியாக ஒன்று என இரண்டாகக் கேளுங்கள். மொத்தம் மட்டும் பார்த்த அறிக்கை உங்களுக்கு உதவாது, தூங்குவதையும் ஓடுவதையும் அது பிரித்துச் சொல்லாது.

சுத்தம் செய்யும் வேலை எவ்வளவு பெரியது என்று ஒரு உத்தேசம். குழி அளவை நீங்கள் எழுதவில்லை. முப்பதடி நீளம், இருபதடி அகலம், ஆறடி ஆழம் என்று வைத்தால் ஒரு குழிக்கு 3,600 கன அடி, லாரிக்காரர் கணக்கில் 36 யூனிட். மூன்று குழிக்கும் ஈரச் சேறு ஏறக்குறைய நானூறு டன் வரும். அதை அள்ளி அபாயகரக் கழிவுக்கென்று அனுமதி பெற்ற கிடங்குக்கு, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற இடத்துக்கு, அனுப்ப வேண்டும். சும்மா டிப்பரில் ஏற்றித் தார்பாய் போட்டுவிட்டால் ஆகாது, ஒவ்வொரு லோடுக்கும் வாரியத்தின் படிவம் கூடவே போக வேண்டும். குழியை எடுத்த பிறகு மணலுக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட குரோமியத்துக்கு, தண்ணீருக்குள்ளேயே அன்னபேதிக் கரைசலையோ சர்க்கரை ஆலைப் பாகுக் கழிவையோ செலுத்தி, அது இருக்கும் இடத்திலேயே தூங்கவைக்கிற முறை இருக்கிறது. உலகம் முழுக்கச் செய்கிறார்கள், நன்றாக வேலை செய்கிறது. உப்புக்கு அப்படி மருந்து கிடையாது. மூலத்தை எடுத்துவிட்டால் மழையும் ஆறும் வருஷக்கணக்கில் கழுவிக்கொண்டு போகும், அவ்வளவுதான். பொறுமை வேண்டும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடியது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 290 டன்னை 2003-ல் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். மண்ணில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வரை விடலாம் என்ற சண்டை அதற்கப்புறமும் பல வருஷம் ஓடியது.

செலவு யார் தலையில்? 1996-ல் வேலூர்த் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கெடுத்தவர்தான் கொடுக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு மட்டுமல்ல, கெட்ட இடத்தைச் சரிசெய்யும் செலவும் அவர் பொறுப்பு. 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகளும் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகப்படும் இடத்தை மாவட்ட நிர்வாகம் பட்டியலில் சேர்க்க வேண்டும், சேர்த்துத் தெரிவித்த 90 நாளுக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதல் கட்ட ஆய்வு செய்ய வேண்டும். ஆகவே வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் கலெக்டருக்கும், பங்காளிகள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். நிலத்தைப் பாகம் பிரிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பிரித்த பிறகு குழி யார் பங்கில் வந்ததோ அவர் தனியாக மாட்டிக்கொள்வார், மற்ற இரண்டு பேரும் கல்யாண வீட்டில்கூடப் பேசமாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன். குத்தகைப் பத்திரம், கரண்ட் பில், வாரியம் அந்தக் காலத்தில் கொடுத்த இசைவாணை, எது கிடைத்தாலும் பெரியப்பா பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். பட்டறை நடத்தியது அவரில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஓடிப்போனவர்களைத் தேடிப் பிடிக்கவும் அதிலுள்ள பெயர்தான் உதவும்.

இன்னும் ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில், வேறு மாவட்டத்தில் ஒரு பழைய தோல் பதனிடும் இடத்துக்குப் போனேன். கண்ணுக்குத் தெரிந்த நான்கு தொட்டியைச் சுற்றித் துளை போட்டு, அழகாக வரைபடம் வரைந்து, அறிக்கையும் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் பக்கத்தில் ஒருவர் அஸ்திவாரம் தோண்டியபோது ஐந்தாவது தொட்டி வந்தது. கட்டட இடிபாடு போட்டு மூடி, மேலே வேம்பு வேறு வளர்ந்திருந்தது. அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்த காவல்காரர் தெருவில்தான் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேப்பமரத்தைக் கைகாட்டியிருப்பார்.

உங்களுக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். சோதனைச் சாலைக்குப் போகும் முன் ஒரு நாள் சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும் அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கட்டுக் குச்சியும் கையில் இருக்கட்டும். மருந்து எந்த அறையில் இருந்தது, தொட்டித் தண்ணீரை எந்த வாய்க்காலில் திருப்பினீர்கள், மூன்று குழிக்கு முன்னால் எங்கே கொட்டினீர்கள், மழைக்காலத்தில் எங்கே கொட்டினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் கைகாட்டும் இடத்தில் எல்லாம் ஒரு குச்சி நட்டு, செல்போனில் படம் எடுத்து, கிணற்று அளவுகளோடு எனக்கு அனுப்புங்கள். எங்கே துளை போடுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.